பதினைந்து நாள் பரிவு

திண்டிவனத்தில், 1890களின் தொடக்கத்தில், ஓர் இரவு. அமெரிக்க நாட்டுப் பாதிரியாரும் மருத்துவருமான இரண்டாம் ஜான் ஸ்கடரின் இல்லக் கதவை மூவர் தட்டினர், ஒருவர் பின் ஒருவராக. முதலில் வந்தவர் பிராமணர், அடுத்தவர் இசுலாமியர், மூன்றாமவர் மற்றொரு மேல்சாதி இந்து. சாதி வேறு, சமயம் வேறு. ஆயினும் மூவர் வாயினின்றும் வந்த சொல் ஒன்றே. மனைவி பிள்ளைப்பேற்றில் துடிக்கிறாள், வந்து உதவவேண்டும். யார் வரவேண்டும்? டாக்டர் அல்ல, டாக்டரின் மகள்! அந்த மகள், ஐடா, அப்போது மருத்துவத்தின் அரிச்சுவடியும் அறியாதவர். தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார். அயல் ஆடவன் கை படுவதினும் எம் வீட்டுப் பெண் மடிவதே மேல் என்ற முடிவோடு மூவரும் திரும்பினர். பொழுது விடிந்தது. மூன்று வீட்டிலும் சாவு.

நாடறிந்த வரலாறு இது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அடிக்கல் அந்த இரவிலேதான் நாட்டப்பட்டது என்பர். மேடையிலே இதனைக் கூறும்போது, அமெரிக்க மங்கையின் இரக்கத்தை வியந்து கைதட்டி முடித்துவிடுகின்றனர். இரக்கம் வியத்தற்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வியப்பது வேறொன்று. அந்த இரவில் அவர் போகவில்லை! மூன்று உயிர்கள் ஊசலாடுகின்றன, கெஞ்சி அழைக்கிறார்கள், நெஞ்சோ நெகிழ்கிறது. 'ஏதோ நம்மால் இயன்றதைச் செய்வோம், எஞ்சியதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கலாம். புறப்பட்டிருந்தால், இறந்த பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து அழுதோம் என்ற ஆறுதலேனும் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்த ஆறுதலை அவர் நாடவில்லை. தமக்குத் தெரியாது என்பதை உணர்ந்தார். உணர்ந்தவர், தெரிந்துகொள்ளக் கடல் கடந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் தமிழகம் திரும்பினார். அதன்பிறகு நிலையாகத் தங்கத் திரும்பிப் போகவே இல்லை எனலாம். 1960-இல் கொடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது.

இதை ஏன் இப்போது எடுத்துரைக்கிறேன்? ஒரு புதுவகைத் தொண்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மருத்துவ ஊழியப் பயணம் என்பது அதற்குப் பெயர். திருச்சபை ஒன்று ஏற்பாடு செய்கிறது. டாக்டர்கள் சிலர், செவிலியர் சிலர், மாணவர் பலர், மருத்துவத்துக்கு எத்தொடர்புமில்லாத ஆர்வலர் சிலர், ஆக ஒரு குழு சேர்கிறது. ஏழை நாடு ஒன்றுக்குச் செல்கிறது. பத்து நாளோ பதினைந்து நாளோ முகாம். பின்னர் வீடு திரும்புதல். மேலை நாட்டார் மட்டுமே செய்துவந்த பயணத்தை இன்று நம்மவரும் மேற்கொள்கின்றனர். ஒரு காலத்தில் தொண்டு பெறும் நாடாக மட்டுமே இருந்தோம். இன்று தொண்டு தரும் நாடாகவும் ஆகிறோம். மகிழ வேண்டியதுதானே! ஐயமென்ன?

ஐயம் உண்டு. பிறர்க்கு நாம் செய்வது சரியா என்று அறிய எளிய வழி, அதையே பிறர் நமக்குச் செய்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணிப் பார்ப்போம். இடம், புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள திருவரங்குளம். பழமையான சிவன் கோயில் இருக்கும் ஊர். வானம் பார்த்த நிலமும் வற்றும் குளமும் அறிந்த உழவர் வாழும் வட்டாரம். அங்கே ஒரு காலைப்பொழுதில் பெரியதொரு பேருந்து வந்து நிற்கிறது. ஒரே நிறச் சட்டை அணிந்த வெளிநாட்டார் முப்பதுபேர் இறங்குகின்றனர். பள்ளிக்கூடத்து மரநிழலில் மேசை போடுகின்றனர். தமிழ் ஒருவருக்கும் தெரியாது. துணைக்கு ஒரு துபாஷி. ஊர் திரண்டு விடுகிறது.

அறுபது வயது மூதாட்டி ஒருவர் வரிசையில் நிற்கிறார். சர்க்கரை நோய். இரத்தம் சோதித்து, அன்பொழுகப் பேசி, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரைப் பட்டையிலுள்ள பெயர் நம்மூர்க் கடையில் கிடைப்பதன்று. மூதாட்டியோ, 'வெள்ளைக்கார டாக்டர் கொடுத்தது' என்று மகிழ்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார். முப்பது நாள் கழிகிறது. மாத்திரை தீர்கிறது. பேருந்தோ போய்விட்டது! இரண்டாம் மாதம் கால் விரலில் புண் வந்தால் அதைக் காட்ட மேசையுமில்லை, மரநிழலில் எவருமில்லை. மூதாட்டி மீண்டும் செல்லவேண்டியது, முன்பு நிறுத்திவிட்ட அதே சுகாதார நிலையத்துக்கே. அங்கிருக்கும் செவிலி கேட்பார்: 'ஏன் பாட்டி மாத்திரையை விட்டீங்க?' என்ன விடை சொல்வார்?

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஒருநாள் விருந்தாளிகள் அல்ல. வாழ்நாள் முழுதும் உடனிருப்பவை. அவற்றுக்குத் தேவை, திங்கள்தோறும் தவறாது வரும் ஒருவர், பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர், சென்ற முறை என்ன கொடுத்தோம் என்று ஏட்டிலே எழுதிவைத்திருக்கும் ஒருவர். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கருத்தும் இதுவே: வீட்டு வாயிலுக்கு மாத்திரை சென்று சேரவேண்டும், அதுவும் இடைவிடாமல். அந்தச் செவிலிக்கும் அந்தப் பெண் தொண்டருக்கும் எவரும் வழியனுப்பு விழா நடத்துவதில்லை. அவர்கள் திரும்பி வந்ததும் வரவேற்புக் கூட்டமும் இல்லை. அவர்கள் எங்கே திரும்புவது? அங்கேயேதான் இருக்கிறார்கள்!

இன்னொன்றும் எண்ணுக. அந்தப் பேருந்தில் வந்த மாணவர் ஒருவர், இன்னும் பட்டம் பெறாதவர், நம்மூர்ச் சிறுவன் ஒருவனின் காயத்துக்குத் தையல் போடத் துணிந்தால் நாம் ஒப்புவோமா? ஒப்பமாட்டோம். சட்டமும் ஒப்பாது. அயல்நாட்டு டாக்டரேயாயினும் இந்நாட்டு மருத்துவ ஆணையத்தின் அனுமதியின்றி இங்கே மருத்துவம் பார்க்க இயலாது. நம் சிறுவனின் தோலுக்கு அத்துணை காவல்! ஆப்பிரிக்கச் சிறுவனின் தோல் மட்டும் பயிற்சித் துணியா? தன் நாட்டில் செய்ய உரிமையில்லாத ஒன்றை ஏழை நாட்டில் செய்யலாம் என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? 'ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று கிடைக்கட்டுமே' என்ற வாதத்திலிருந்து. கேட்பதற்கு இரக்கமாய்த் தோன்றும் வாதம். உற்றுநோக்கின், ஏழைக்கு இரண்டாந்தரம் போதும் என்பதே அதன் பொருள். தீண்டாமையை எதிர்த்து நிற்பவர் எவரும் இந்தக் கணக்கை உடனே அடையாளம் கண்டுகொள்வர். தனிக் குவளையும் இப்படித்தான் 'தண்ணீராவது கிடைக்கிறதே' என்று நியாயம் பேசியது.

உகாண்டா நாட்டின் ஜிஞ்ஜா நகரில் நடந்ததை உலக ஏடுகள் எழுதின. மருத்துவப் படிப்பு ஏதுமில்லாத அமெரிக்க இளம்பெண் ஒருவர், இறை அழைப்பு என்று நம்பி, 2009-இல் அங்கே ஊட்டமின்றி வாடும் குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். ஆண்டுகள் சிலவற்றில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. தாய்மார் இருவர் 2019-இல் வழக்குத் தொடுத்தனர். தாமே மருத்துவம் பார்த்ததாகக் கூறுவதை அவர் மறுத்தார். பொறுப்பேற்காமலே 2020-இல் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. வந்து சேர்ந்த குழந்தைகள் பலவும் சாவின் விளிம்பில் இருந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கெட்ட எண்ணத்தோடு அவர் சென்றார் என்றும் நான் கூறவில்லை. நல்லெண்ணத்தைப் பற்றியே பேசுகிறேன். திண்டிவனத்துப் பெண்ணிடமும் அதே நல்லெண்ணம் இருந்தது; கூடவே 'எனக்குத் தெரியாது' என்ற அறிவும் இருந்தது.

சரி, குறுகிய பயணமெல்லாம் வீண்தானா? அப்படி அடித்துச் சொல்வதும் நேர்மையாகாது. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்குத் தேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் முகத்தை மீட்டுத் தருகிறார். கண்புரை படிந்த கிழவருக்குப் பார்வை ஒரே நாளில் திரும்புகிறது. ஒரு கைவேலையில் தீரும் குறைகள் இவை. தேர்ந்த கை பதினைந்து நாள் வந்தாலும் பயனுண்டு. கட்டு அவிழ்க்கவும் சீழ் வைத்தால் பார்க்கவும் உள்ளூரில் ஆள் இருந்தால் நிறைபயன். ஆனால் முகாமுக்கு வருவோரில் பெரும்பாலோர் கொண்டுவருவது அத்தகைய குறையை அல்ல. வயிற்றுப்புழுவையும் முதுகுவலியையும் இரத்தச் சோகையையும். புழுவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அதே குட்டையில் குழந்தையைக் குடிக்கவிட்டு வந்தால், புழு வழியனுப்பு விழாவுக்குக்கூடக் காத்திராது.

இனி, எல்லாரும் கேட்கத் துடிக்கும் கேள்விக்கு வருவோம். மருந்தோடு மதமும் வருகிறதே! மாத்திரையின் மறுபக்கம் மதமாற்றம் இருக்கிறதே! அதைப்பற்றி என்ன சொல்கிறாய்?

இரண்டு பேருக்கு இரண்டு விடை. முதலில், இந்தக் கேள்வியை ஆத்திரத்தோடு எழுப்பும் நம் சனாதன நண்பருக்கு. ஐயா! தொழுநோயாளியைத் தொட்டுக் கழுவ அவர்கள் வந்தார்கள். அதற்கு முன்பே தொட்டிருக்க வேண்டியவர்கள் நாம். நம் கோபுரங்களின் கீழே, குளக்கரைகளிலே, விரல் அழிந்து கிடந்தவரை முற்பிறவிப் பாவம் என்று கூறி விலகிச் சென்றவர்கள் நாம். கொல்லிமலையிலே மிஷனரிக் குடும்பத்தில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து அந்தக் கைகளைத் தம் கையிலேந்திப் பார்த்தார். நோய் சதையைத் தின்பதன்று, உணர்ச்சி மரத்துப்போவதால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் காயம்பட்டே விரல்கள் அழிகின்றன என்று கண்டறிந்தார். மடங்கிப்போன விரலை நிமிர்த்தத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். பாவம் என்று நாம் பெயரிட்டதற்கு அவர் காரணம் கண்டார். அவர் ஏன் வந்தார் என்று கேட்குமுன், நாம் ஏன் போகவில்லை என்று கேட்டுக்கொள்வது முறை.

அடுத்து, ஊழியத்துக்குப் புறப்படும் கிறித்துவ இளைஞருக்கு. உம் நெஞ்சில் எந்த நோக்கம் இருக்கிறது என்று துருவிப் பார்க்க எனக்கு உரிமையில்லை. புண்ணியம் வேண்டி அன்னதானம் செய்கிறான் ஒருவன்; பெயர் வேண்டிப் பள்ளி கட்டுகிறான் மற்றொருவன்; உண்டவன் பசியும் தீர்கிறது, படித்தவன் அறிவும் வளர்கிறது. நோக்கம் கலப்புடையது என்பதற்காக உதவியே குற்றமாகிவிடாது. ஆனால் ஒன்று. காய்ச்சலில் தவிக்கும் பிள்ளையை மடியில் ஏந்தி வரிசையில் நிற்கும் தாய், மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. மருந்து மேசைக்கு முன்பாக வழிபாட்டு மேசை இருந்தால், அவள் மண்டியிடுவாள். முருகன் பெயரைச் சொன்னாலும் மண்டியிடுவாள், வேறெந்தப் பெயரைச் சொன்னாலும் மண்டியிடுவாள். பிள்ளையல்லவா மடியில் கிடக்கிறது! அந்த மண்டியிடல் நம்பிக்கையுமன்று, நன்றியுமன்று. வேறு வழியில்லாதவள் கொடுக்கும் விலை. மறுத்துவிட்டாலும் அதே மருந்து, அதே முகமலர்ச்சி, அதே வரிசையிடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், பிறகு நீர் எதைப் பேசினாலும் பேசும். தெரியாதிருக்குமானால், அங்கே நடப்பது தொண்டன்று, வாணிபம்.

புகைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். திறந்த மார்போடு, மூக்கொழுக நிற்கும் கருநிறக் குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். தன் குழந்தை அப்படி நிற்கையில் அந்நியன் படம் எடுத்தால் பொறுப்பார்களா? மேலே செல்வோம்.

கடல் கடந்து வந்து தமிழருக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். தமிழர் பலர் மறந்துவிட்ட பெயர்: சாமுவேல் பிஷ்க் கிரீன். அமெரிக்கர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டு முன்பே முதலாம் ஜான் ஸ்கடர், நாம் தொடக்கத்தில் கண்ட ஐடாவின் பாட்டனார், மருத்துவ மிஷனரியாக இலங்கைக்குப் புறப்பட்டு வந்திருந்தார். கிரீன் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். நோயாளியைப் பார்த்ததோடு நின்றிருந்தால் அவரும் நல்லவர் வரிசையில் ஒருவர். அவர் கேட்டது வேறு கேள்வி: நான் போனபின் யார்?

ஆங்கிலத்தில் படித்த மாணவர், அரசாங்கப் பதவியை நாடி வெளியூர் சென்றுவிடுவதைக் கண்டார். கிராமத்தில் தங்கும் மருத்துவன் வேண்டுமானால் கிராமத்தான் மொழியில் மருத்துவம் இருக்கவேண்டும் என்று தெளிந்தார். தமிழ் கற்றார். பிழைப்புக்கான தமிழன்று, உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் சூட்டுமளவு தமிழ். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவரைத் துணை கொண்டு நூல்களைப் பெயர்த்தார்: பிள்ளைப்பேற்றுக்கு ஒன்று, அறுவைக்கு 'இரணவைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்', உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்'. பெயர்களில் வடமொழி வாடை வீசுகிறது என்று நம் தனித்தமிழன்பர் முகம் சுளிக்கலாம். சுளிப்பவர், அந்த 1860களில் தாய்மொழியில் அறுவை மருத்துவம் படிக்க முடிந்த ஆசிய மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுச் சுளிக்கட்டும்! தம் மாணவர் கிறித்துவரானாலும் மேலை உடைக்கும் மேலை நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ்வழியில். 1873-இல் நாடு திரும்பினார், அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை, 1884-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என விரும்பினார்.

அவரும் மதம் பரப்ப வந்தவரே. மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அவர் கொடுத்தது எடுத்துக்கொள்ளக் கூடியதாய் இருந்தது. அதைப் பெற்றவன் கிறித்துவனாயினும் சைவனாயினும், கிரீனின் தயவின்றியே அதைக் கொண்டு இன்னொருவனைப் பிழைக்கவைக்க முடிந்தது. திருவரங்குளத்துக்கு அருகே வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து உழவன் வாங்கிச் செல்வது ஒருவேளைக் குழம்புக்கான பருப்பன்று, விதை. அடுத்த பருவத்துக்கு அவன் எவரையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. கிரீன் விதை கொடுத்தார். அவ்விதை பின்னாளில் காய்ந்ததற்கு நாம்தான் காரணம். அவர் போனபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் எம்.பி.பி.எஸ். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில்தான்.

பயணியாக வந்து தங்கிவிட்டவரும் உண்டு. எவரெஸ்டு ஏறச் சென்ற 1922-ஆம் ஆண்டுக் குழுவில் ஒருவர் சாமர்வெல். மலையிலிருந்து இறங்கி, ஊர்சுற்றிப் பார்க்கும் நோக்கில் தெற்கே வந்தவர், இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் நுழைந்தார். காத்திருக்கும் கூட்டத்தைக் கண்டார். அத்தனை பேருக்கும் ஒரே அறுவை மருத்துவர் இருப்பதைக் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த பெரும் பதவியை உதறினார். ஏறத்தாழ இருபதாண்டு நெய்யூரில். பின்னர் வேலூரில் கற்பித்தல். பார்க்க வந்த பயணம் ஒருவனை மாற்றக்கூடும் என்பதற்கு அவர் சான்று. பதினைந்து நாள் பயணத்துக்காக வாதாடுவோர் அவரை அடிக்கடி காட்டுவது இயல்பே. ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆயிரவரும் தங்கிவிட்ட ஒருவரும் ஒரே கணக்கில் சேர்க்கத்தக்கவர் அல்லர்.

வந்தவர்களின் கதை இருக்கட்டும். இருந்தவர் ஒருவரின் கதையும் புதுக்கோட்டைச் சீமைக்கு உண்டு. முத்துலட்சுமி 1886-இல் அங்கே பிறந்தார். தாய் இசைவேளாளர் குலம். தேவதாசி முறையின் நிழல் படிந்த குலம். மன்னர் கல்லூரியில் ஆடவர் நடுவே ஒரு பெண் அமர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது, அமர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியினின்றும் டாக்டராக வெளிவந்தார். ஐடா ஸ்கடர் பெண்களுக்கென வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-இல். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திண்டிவனத்து மூன்று வீடுகளில் செத்த பெண்களுக்குத் தேவைப்பட்டது வெள்ளைக்காரி அன்று. ஒரு பெண் டாக்டர். அவர் இந்த மண்ணிலேயே பிறந்திருக்கக் கூடாதென்று எந்த விதியுமில்லை; பிறந்த பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம், அவ்வளவே. ஐடா தம் வாழ்நாளைச் செலவிட்டது தாமே எல்லாப் பேறும் பார்ப்பதற்கன்று. தமிழ்ப் பெண்களை டாக்டராக்குவதற்கு. முதல் வகுப்பு மாணவியர் 1922-இல் தேறி வெளிவந்தபோது, வெளிநாட்டு டாக்டருக்கான தேவை அந்த அளவு குறைந்தது. குறைந்ததற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை!

ஆகவே, கடல் கடக்க விரும்பும் தம்பிக்கும் தங்கைக்கும் நான் தடை சொல்லவில்லை. சில கேள்விகள் மட்டும். உங்களை அழைத்தது யார்? அங்குள்ள மருத்துவமனையா, இங்குள்ள ஏற்பாட்டாளரா? அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அனுமதி உண்டா? நீங்கள் அங்கே செய்யப்போவதை நம்மூரில் செய்ய உங்களுக்கு உரிமை உண்டா? நீங்கள் திரும்பிய மறுநாள் அந்த நோயாளி யாரிடம் செல்வார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? விமானக் கட்டணமாக நீங்கள் கொடுக்கும் தொகை, அவ்வூர்ச் செவிலி ஒருவருக்கு எத்தனை மாத ஊதியம் ஆகும் என்று கணக்கிட்டீர்களா? கணக்கிட்ட பின்பும் போவதே நலம் என்று தோன்றினால், போங்கள். கற்பிக்கக் கூடியது இருந்தால் கற்பியுங்கள். இல்லையேல், கற்கப் போகிறோம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள். கற்கப் போவதில் இழிவில்லை. மாணவனாய்ப் போகிறவன் உள்ளூர் டாக்டரின் பின்னால் நிற்பான். மீட்பனாய்ப் போகிறவன் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் நிற்பான்.

இன்னும் ஒன்று கேட்கலாம். வேலூரில் ஆதரவு பெற்றுப் படித்த மாணவர், படிப்பு முடிந்ததும் ஈராண்டு தேவையுள்ள ஊர்களின் மருத்துவமனைகளில் பணிசெய்யக் கடமைப்பட்டவர். 1955-இல் ஒட்டன்சத்திரத்தில் சில இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரி தொடங்கியது, அதற்கு முன் அங்கே மருத்துவ வசதி இல்லாமையால். ஈராண்டு என்பது எழுநூற்று முப்பது நாள். பதினைந்து நாளுக்குக் கடவுச்சீட்டும் தடுப்பூசியும் வழியனுப்புக் கூட்டமும் வேண்டியிருக்கிறது. எழுநூற்று முப்பது நாளுக்கு வேண்டியது ஒரு பேருந்துச் சீட்டு. திருவரங்குளம் ஒன்றியத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் அந்தச் சீட்டு போதும். அங்கே நோயாளி சொல்வதைக் கேட்கத் துபாஷி தேவையில்லை. 'நெஞ்சு கரிக்குது' என்பதற்கும் 'நெஞ்சு அடைக்குது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மூதாட்டி சொன்ன மாத்திரத்தில் விளங்கிக்கொள்ளும் காது இருந்தால் போதும்.